இராமேஸ்வரம் – காசி – கயா ரெயில் யாத்திரை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து எப்பிடித் திட்டம் போடுற?

கல்முனைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். கல்முனையில இருந்து ஆறு பேர், மூண்டு சோடி, இராமேஸ்வரம், பிரயாகை, காசி, கயா போய் வர இருக்கம். ஒரு சோடிக்கு வயசு 71, 67. ஐயாக்குச் சீனி வருத்தம். இந்தியாக்குள்ள ரெயில்தான் எண்டு முடிவு. முகவர் ஒராள் டிசம்பர் லீவில 12 நாளுக்கு அட்டவணை தந்திருக்கார்: சென்னையில இறங்கி அண்டைக்குப் பின்னேரமே காசி ரெயில், காசி 2 நாள், கயா 1 நாள், திரும்பி வந்து இராமேஸ்வரம் 1 நாள். இது சரிவருமா?

கல்லடிப் பாலம்:
சரிவராது. ரெண்டு காரணம்.

முதலாவது டிசம்பர். டிசம்பர் நடுவில இருந்து ஜனவரி முடியும் வரைக்கும் உத்தரப் பிரதேசம், பீகார் முழுக்க மூடுபனி. சாரதிக்குச் சிக்னல் தெரியாது, வேகத்தைக் குறைச்சிருவாங்க. ஆறு, எட்டு மணித்தியாலம் பிந்திறது அங்க சாதாரணம். சில ரெயில்களை அந்தக் காலத்துக்கு எண்டே நிப்பாட்டி வைப்பாங்க. 12 நாள் அட்டவணையில ஒரு ரெயில் எட்டு மணி பிந்தினா அடுத்த ரிக்கெற் போச்சு, அதுக்கடுத்த லொட்ஜும் போச்சு. நம்மட பக்கமும் அந்த மாதம் மழை. மன்னம்பிட்டியில வெள்ளம் ஏறினா மட்டக்களப்பை விட்டு வெளிக்கிடுறதே பாடு.

ரெண்டாவது, விமானத்தால இறங்கின அண்டைக்கே 38 மணித்தியால ரெயில். விமானம் ரெண்டு மணி பிந்தினாலே அது கையை விட்டுப் போயிரும். அந்த ரெயில் வாரத்தில ரெண்டு நாள்தான் ஓடுது.

வீட்டில இருந்து முன்னால திட்டம் போடாதீங்க. ஆக நீளமான ரெயிலைப் பிடிச்சுக்கொண்டு பின்னால வாங்க. சென்னை சென்ட்ரல் – காசி ரிக்கெற் எந்தத் திகதிக்குக் கையில வந்திச்சோ, அதில இருந்து எண்ணி இராமேஸ்வரம் எப்ப, விமானம் எப்ப, கல்முனையில பஸ் ஏறுறது எப்ப எண்டு போடுங்க. நம்மட ஆக்கள் தலைகீழாச் செய்றாங்க: மலிவா விமானச் சீட்டு கண்ட உடனே வாங்கிப்போட்டு மறுகாத்தான் ரெயில் தேடுவாங்க.

மாதம் எண்டா பெப்ரவரி, மார்ச் முதல் பாதி. சிவராத்திரி வாரத்தில மட்டும் காசியை விடுங்க. ஒக்ரோபர், நவம்பரும் நல்லம். ஆனா தீபாவளிக்கு ஆறாம் நாள் வாற சட் பூசைக்குப் பீகார்ச் சனம் முழுக்க ஊருக்குப் போகும், அந்த ரெண்டு கிழமையும் அந்தத் திசை ரெயிலில இடம் தேடாதீங்க. மகாளய பட்சத்தில கயாவில நிக்க இடமில்ல. மே, ஜூனில வெயில் 40 பாகைக்கு மேல.

தாண்டவன்வெளி:
முகவர் போட்ட வரிசையே பிழை, பிள்ளை. இராமேஸ்வரம் கடைசியில் மட்டும் இல்லை. முதலிலும் இராமேஸ்வரம், முடிவிலும் இராமேஸ்வரம். சேதுக் கரையில் நீராடி, மணலில் மூன்று இலிங்கம் பிடித்துப் பூசிப்பார்கள்: சேது மாதவர், வேணி மாதவர், பிந்து மாதவர். வேணி மாதவரின் மணலை எடுத்துக்கொண்டு போய்ப் பிரயாகைத் திரிவேணியில் கரைப்பது. அங்கிருந்து காசி, கயா. திரும்பும்போது கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம். அதோடுதான் காசி யாத்திரை நிறைவு. முடியாதவர்கள் காசியோடு திரும்பினால் குற்றமில்லை. ஆனால் ரெயிலில் போகத் துணிந்தவர்கள் இதை விடக்கூடாது என்பது என் எண்ணம்.

பிரயாகையில் முண்டம், காசியில் தண்டம், கயாவில் பிண்டம் என்று பழைய வழக்கு. பிரயாகையில் முடியிறக்கம், காசியில் வணங்குதல், கயாவில் பிதிர்களுக்குப் பிண்டம். சோடியாகப் போகிறவர்கள் திரிவேணியில் வேணிதானம் செய்வார்கள்: கணவன் மனைவிக்குத் தலை வாரிப் பின்னி, பின்னல் நுனியைக் கொஞ்சம் வெட்டி ஆற்றில் விடுவது. சின்னச் சீப்பு, கண்ணாடி, ரிப்பன், குங்குமம் கொண்டு போங்கள். கத்தரிக்கோல் மட்டும் விமானத்தில் கைப்பையில் வேண்டாம்.

கல்முனைப் பிள்ளை:
நன்றி ஐயா. அப்ப எங்க இறங்கிறது நல்லம்? யாழ்ப்பாணத்தில இருந்து விமானம் இருக்கெண்டு சொல்றாங்க. கப்பலும் இருக்காம்.

கல்லடிப் பாலம்:
வரிசை இராமேஸ்வரத்தில தொடங்குதெண்டா திருச்சிதான் சுகம். யாழ்ப்பாணம் பலாலியில இருந்து திருச்சிக்கு 2025 மார்ச் 30 தொடக்கம் இண்டிகோ விடுறாங்க. கட்டுநாயக்காவில இருந்தும் திருச்சிக்கு இருக்கு. திருச்சியில ஒரு இராவு தங்கி, காலமைப் பகல் ரெயில் ஏறினா புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, இராமநாதபுரம் எண்டு பாம்பனைத் தாண்டி மத்தியானத்துக்குப் பக்கமா இராமேஸ்வரம்.

பழைய பதிவுகளை வாசிச்சிட்டு பாலத்துக்கு முன்னால உள்ள மண்டபம் ஸ்ரேஷனில இறங்கி பஸ் எடுக்கோணும் எண்டு பயப்பிடாதீங்க. 1914இல திறந்த பழைய பாம்பன் பாலத்தில 2022 டிசம்பரோட ரெயிலை நிப்பாட்டினாங்க. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6இல திறந்தாச்சு, நடுவில 72.5 மீற்றர்த் துண்டு மின்தூக்கி மாதிரி நேர் மேல எழும்பும். காற்றுக் கூடினா சிக்னல் தானா மறிக்கும், அப்ப பாலத்துக்கு இந்தப் பக்கமே நிக்கும்.

காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்ரோபரில தொடங்கினது. வாடைக்காலத்தில நிப்பாட்டுவாங்க, காற்றுக்கும் நிக்கும். திகதி போட்ட ரெயில் ரிக்கெற்றோட கப்பலைக் கட்டாதீங்க. திரும்பி வரக்குள்ள எண்டா பரவாயில்ல. ஈ-விசாவில எந்த விமான நிலையம், எந்தத் துறைமுகத்தால இறங்கலாம் எண்டு இந்திய விசாப் பக்கத்திலயே பட்டியல் இருக்கு. சென்னையும் திருச்சியும் அதில இருக்கு. சீட்டு வாங்க முன்னம் பாருங்க.

வாழைச்சேனைச் சந்தி:
கட்டுநாயக்கா போறதெண்டா மட்டக்களப்பு இராக் கோச்சி. அம்பாறை மாவட்டத்தில கோச்சியே இல்ல, அக்கரைப்பற்று, கல்முனை ஆக்கள் மட்டக்களப்பு ஸ்ரேஷனுக்குத்தான் வரோணும். ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன்னம் திறக்கும், அடையாள அட்டை இலக்கம் வேணும். பகலில போற விமானத்துக்கு அண்டைக்கு விடியப் போய்ச் சேர்ற கோச்சியை நம்பாதீங்க, ஒரு நாள் முந்திப் போங்க. காட்டுப் பாதை. யானைக்காக மெதுவாத்தான் போகும், போகவும் வேணும். 2025 பெப்ரவரியில கல்லோயாப் பக்கம் மீனகயாக் கோச்சி யானைக் கூட்டத்தோட அடிபட்டு ஆறு யானை செத்திச்சி. அந்த வாயில்லாச் சீவனுகள நினைச்சா அரை மணி பிந்தினா என்னகா.

ஆரையம்பதி அக்கா:
ரிக்கெற் எடுக்கிறதப் பற்றி ஆராச்சும் முழுசாச் சொல்லுங்க. உறவுக்காரர் ஆராவது சென்னையில இருந்து எடுத்துத் தருவாங்க எண்டு இருக்கிற ஆக்கள் கனபேர்.

கல்லடிப் பாலம்:
சொல்றன் அக்கா. இதிலதான் கனக்கப் பிழை நடக்குது.

இந்திய ஆக்களுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்னம் திறக்கும். 2024 நவம்பர் வரைக்கும் 120 ஆக இருந்தது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு ‘வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒதுக்கீடு’ எண்டு தனியா இருக்கு, அது 365 நாளுக்கு முன்னம் திறக்கும். எல்லா ரெயிலிலும் இல்ல, இருக்கிறதிலும் இடம் கொஞ்சம். ஆனா நமக்கு அதுதான் பெரிய வழி. இந்திய ரெயில் ரிக்கெற் விக்கிற ஐஆர்சிடிசி தளத்தில கணக்குத் திறக்கக்குள்ள நாடு இலங்கை, கைபேசி +94 எண்டு போட்டுத் திறங்க. கொஞ்சக் கட்டணம் இருக்கு, வெளிநாட்டில பாவிக்கக்கூடிய வங்கி அட்டை வேணும். கணக்குத் திறக்கிற அலுவலை ரிக்கெற் திறக்கிற அண்டைக்கு வைக்காதீங்க, ஒரு மாதம் முந்திச் செய்யுங்க.

நேர போய் எடுக்கிறதெண்டா சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்து மூர் மார்க்கெட் கட்டடத்து முன்பதிவு நிலையத்தில வெளிநாட்டவருக்குக் கவுண்டர் இருக்கு. மூலக் கடவுச்சீட்டோட போகோணும்.

‘கடைசியில தட்கலில (அவசர முன்பதிவில) எடுப்பம்’ எண்டு இனி நினைக்காதீங்க. 2025 ஜூலை 1இல இருந்து இணையத் தட்கல் ஆதார் (இந்திய ஆக்களிட அடையாள இலக்கம்) இணைச்ச கணக்குக்கு மட்டும்தான். அதே வருசம் ஒக்ரோபரில சாதாரண முன்பதிவிலயும் முதல் 15 நிமிசம் ஆதார்காரருக்கு மட்டும் எண்டாங்க, மறுகா அந்த நேரத்தை இன்னும் கூட்டிப்போட்டாங்க. காத்திருப்போர் பட்டியல் ரிக்கெற்றோட படுக்கைப் பெட்டியில ஏறவும் விடுறதில்ல. இணைய ரிக்கெற் எண்டா கடைசிப் பயணிகள் பட்டியல் போட்ட உடனே தானா ரத்தாகிக் காசு திரும்பிவரும். ஆர்ஏசி எண்டு வந்தா ஏறலாம், ஆனா ஒரு பக்கப் படுக்கையில ரெண்டு பேர் இருந்து போகோணும். 38 மணித்தியாலத்துக்கு வயசாளிக்கு அது ஏலாது.

ஒரு ரிக்கெற்றில ஆறு பேர் வரைக்கும் போடலாம், உங்கட கணக்குக்குச் சரி. ஆனா ஆறு பேருக்கும் கீழ்ப்படுக்கை கிடைக்காது. வயசான சோடிக்குத் தனி ரிக்கெற் எடுத்துக் கீழ்ப்படுக்கை கேளுங்க, மற்ற நாலு பேரும் வேற ரிக்கெற். அதே பெட்டியில விழாட்டியும் பரவாயில்ல, ஏறினதுக்குப் பிறகு பக்கத்துப் பயணிட்டக் கேட்டு மாத்தலாம்.

பேர் எழுதிற இடத்தில 16 எழுத்துக்கு மேல ஏறாது. நம்மட கடவுச்சீட்டில தகப்பன் பேரோட சேர்த்து முப்பது எழுத்து வரும். தகப்பன் பேரைச் சுருக்கி, சொந்தப் பேரை முழுசா, கடவுச்சீட்டில இருக்கிற அதே எழுத்துக்கூட்டலோட போடுங்க. பரிசோதகர் பாக்கிறது பேரையும் கடவுச்சீட்டையும். போட்டோப் பிரதி செல்லாது.

இன்னொண்டு திகதி. 12ஆம் திகதி 00.20 எண்டா 11ஆம் திகதி சாப்பிட்டுப் போய் நிக்கோணும். 12ஆம் திகதி இராவு பெட்டியோட போய் நிண்டா ரெயில் போய் ஒரு நாளாகியிரிக்கும்.

திருக்கோவில் தம்பி:
அண்ணன், என்ன ரெயில் எண்டு சொல்லேல்லையே?

கல்லடிப் பாலம்:
கங்கா காவேரி, 12669. சென்னை சென்ட்ரலில இருந்து சாப்ரா, வாரத்தில ரெண்டு நாள், பிரயாகை, காசி ரெண்டையும் தொடும். தொடங்கிற இடத்தில ஏறுறதால பொதுக் காத்திருப்புப் பட்டியலில விழுவீங்க, அது கெதியா இறங்கும். இடையில ஏறினா வேற பட்டியல், லேசில இறங்காது.

இராமேஸ்வரத்தில இருந்து நேரே பனாரஸுக்கு வாரம் ஒருக்கா 22535 இருக்கு. மாறி ஏறத் தேவையில்ல, ஆனா ரெண்டு முழுப் பகலுக்கு மேல அதுக்குள்ளயே இருக்கோணும். சீனி வருத்தக்காரரோட நான் அதைச் சொல்லமாட்டன். இராமேஸ்வரம் – சென்னை ஒரு இராவு, சென்னையில ஒரு நாள் ஆறுதல், மறுகா கங்கா காவேரி. இராமேஸ்வர ரெயில் எழும்பூரில, இல்லாட்டித் தாம்பரத்தில விடும். காசி ரெயில் சென்ட்ரலில. ரெண்டும் வேற வேற ஸ்ரேஷன்.

மற்றது சங்கமித்ரா, ஒவ்வொரு நாளும் ஓடும். ஆனா சென்னையில பெரம்பூரில ஏறோணும், காசிக்குள்ள போகாது. முந்தி முகல்சராய் எண்ட தீன்தயாள் உபாத்யாயா சந்தியில இறங்கி 16 கிலோமீற்றர் ஓட்டோவில போகோணும். முதல் தெரிவு கிடைக்காட்டி இதை வைங்க.

ஸ்ரேஷன் பேரிலயும் கவனம். காசியில மட்டும் நாலு: வாரணாசி சந்தி, முந்தி மண்டுவாடி எண்ட பனாரஸ், வாரணாசி சிற்றி, காசி. ‘காசி’ எண்ட பேரைப் பாத்து இறங்கினா ராஜ்காட் பாலத்தடி, கோயிலுக்குக் கிட்ட இல்ல. பிரயாகையிலயும் அப்பிடித்தான். கங்கா காவேரி நிக்கிறது பிரயாக்ராஜ் சந்தியில இல்ல, யமுனைக்கு அங்கால சியோக்கி ஸ்ரேஷனில. லொட்ஜ்காரரிட்ட ‘சியோக்கி’ எண்டே சொல்லுங்க, இல்லாட்டி வண்டி மற்ற ஸ்ரேஷனில நிக்கும்.

ஆரையம்பதி அக்கா:
சியோக்கிக்கு அது விடியச் சாமத்தில போய்ச் சேருமே. 71 வயசு மனுசனையும் மூட்டையளையும் வச்சிட்டு இருட்டுக்குள்ள நிக்கிறதா? நேர காசிக்குப் போய்க் குளிச்சு ஆறி, அடுத்த நாள் வான் பிடிச்சு பிரயாகை போய் வரலாம். 125 கிலோமீற்றர் அளவு, மூண்டு மணித்தியாலம்.

தாண்டவன்வெளி:
பிரயாகை முதலில் என்பதுதான் முறை, அக்கா. மணலைக் கையில் வைத்துக்கொண்டு காசிக்குள் போவது மனதுக்கு ஒப்பவில்லை.

ஆரையம்பதி அக்கா:
முறை தெரியும் ஐயா. ஆனா நித்திரை முறிஞ்சு, சாப்பாடு பிந்தி, சீனி இறங்கி மயங்கினா திரிவேணியும் இல்ல, காசியும் இல்ல. காசியில தரிசனத்துக்குப் போகாம மடத்தில தங்கி, முதல் அலுவலா பிரயாகை போய் மணலைக் கரைச்சிட்டு வந்து மறுகா விஸ்வநாதரிட்டப் போகட்டும். வரிசை பிசகாது.

தாண்டவன்வெளி:
அப்படியென்றால் எனக்கு மறுப்பில்லை. நல்ல வழி.

திரிவேணியில் படகுக்கு ஏறமுன் போகவர மொத்தம் எவ்வளவு என்று பேசி முடியுங்கள். ‘ஆளுக்கு’ என்றா ‘படகுக்கு’ என்றா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள், பிணக்கு வருவது அதில்தான். நடு ஆற்றில் படகுகளைக் கட்டிப் பலகைத் தட்டு அமைத்திருப்பார்கள், பிடித்துக்கொண்டு இறங்கலாம். மிதவை அங்கி போடாமல் ஏற வேண்டாம்.

கயாவுக்கு ஒரு முக்கியமான சொல். அங்கே பண்டா, அதாவது பிண்டச் சடங்கு செய்விக்கும் புரோகிதர், கேட்பது கோத்திரமும், தகப்பன் வழி மூன்று தலைமுறை, தாய் வழி மூன்று தலைமுறைப் பெயரும். நமக்கு மட்டக்களப்பில் குடிதான் தெரியும், அதுவும் தாய்வழி. உலகிப்போடி குடி, பணிக்கனார் குடி என்று அங்கே சொன்னால் விளங்காது. கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் என்று சொல்லிச் செய்வது வழக்கம். குடிப்பெயரை விட வேண்டாம், கொப்பியில் எழுதி வையுங்கள். தகப்பன் வழிப் பெயர்கள் நம் வீடுகளில் இரண்டாம் தலைமுறையோடு நின்றுவிடும். போகமுன் ஊரில் இருக்கிற பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்தில் ஒரு பெயர், முறை, இறந்த மாதம், பட்சம், திதி. பிள்ளையில்லாமல் இறந்தவர்கள், சண்டையில் காணாமற் போனவர்கள், சுனாமியில் போனவர்கள் பெயரும் எழுதுங்கள். திதி தெரியாவிட்டாலும் கயாவில் பிண்டம் வைக்கலாம், உறவல்லாதவருக்கும் வைக்கலாம். நம் மண்ணில் அப்படி எத்தனை பேர்.

பல்குனி ஆறு வருசத்தில் பாதிநாள் மணலாகத்தான் கிடக்கும். 2022இல் விஷ்ணுபாதக் கோயிலடியில் ரப்பர் அணை கட்டியபின் நீர் நிற்கிறது. பல்குனிக் கரை, விஷ்ணுபாதம், அட்சய வடம் மூன்றுக்கும் ஒரு பகல் முழுக்க வேண்டும். அட்சய வடத்தில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விடச் சொல்வார்கள். எது என்று முதலே யோசித்து வையுங்கள்.

கல்முனைப் பிள்ளை:
ஐயா, இந்தக் கொப்பி விசயம் ஆரும் சொல்லேல்ல. இண்டைக்கே தொடங்கிறம். தங்கிற இடம்?

ஆரையம்பதி அக்கா:
வெளிநாட்டார் தங்கினா லொட்ஜ்காரர் அதை அரசாங்கத்துக்குப் பதிய வேணும். சின்ன லொட்ஜ்கள் அந்தப் பதிவு வச்சிருக்கிறதில்ல, இராவு பத்து மணிக்கு வாசலில வச்சுத்தான் ‘இலங்கைக் கடவுச்சீட்டா, ஏலாது’ எண்டுவாங்க. தமிழ் கதைக்கிறதால இந்திய ஆக்கள் எண்டு நினைச்சு முதல்ல ஓம் எண்டிருப்பாங்க. காசு கட்ட முன்னம் ‘இலங்கைக் கடவுச்சீட்டு, ஏற்பீங்களா’ எண்டு கேட்டு எழுத்தில வாங்குங்க. காசியில கோதௌலியாப் பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம், கேதார் காட்டில குமரகுருபரர் நிறுவின மடம் ரெண்டும் தமிழருக்குத் தெரிஞ்ச இடங்கள், அங்கயும் இதே கேள்விய முதல்ல கேளுங்க.

ரெயிலில சீனி வருத்தக்காரருக்கு: ரிக்கெற்றில உள்ள பிஎன்ஆர் இலக்கத்தைக் குடுத்து ஐஆர்சிடிசி உணவுச் சேவையில சைவச் சாப்பாடு சொல்லலாம், ஆனா ரெயில் பிந்தினா அதுவும் பிந்தும். அதால கைக்காவலா இடியப்பம் வேண்டாம், அடுத்த நாளே புளிச்சிரும். வறுத்த உழுந்து, கடலை, மாச்சில், பேரீச்சம்பழம் கொண்டு போங்க. இன்சுலினை இருக்கைக்குக் கீழ வைக்காதீங்க, கைப்பையில. மருந்துச் சிட்டை ஆங்கிலத்தில தட்டச்சில இருக்கட்டும். ஏசிப் பெட்டி எண்டா விரிப்பு, தலையணை, கம்பளி தருவாங்க. சாதாரண படுக்கைப் பெட்டியில ஒண்டும் இல்ல. கீழ்ப்படுக்கைக்கு அடியில கம்பி வளையம் இருக்கும், பெட்டியளைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்க. ஸ்ரேஷன் பொதி அறையிலயும் பூட்டில்லாத பையை வாங்க மாட்டாங்க.

திருக்கோவில் தம்பி:
இராமேஸ்வரத்தில 22 தீர்த்தம் ஆடக்குள்ள என்ன கவனம்?

தாண்டவன்வெளி:
முதலில் அக்கினி தீர்த்தம், கடல். பிறகுதான் கோயிலுக்குள் கிணறுகள். தளம் முழுக்க ஈரம், வயசானவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் போங்கள். ஈர உடையோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள், மாற்றுடை வேண்டும். படிகலிங்க தரிசனம் விடிய 5 மணிக்கு, ஒரு மணி நேரம்தான். தீர்த்தமாடலையும் அதையும் ஒரே விடியலில் வைக்காதீர்கள்.

மணல் ஒரு கைப்பிடி போதும். ஈரமாகக் கட்டினால் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். அறையில் தாளில் பரப்பி உலர்த்தி, துணியில் முடிந்து, அதன்மேல் ஒரு பொலித்தீன். அதை இலங்கைக்குக் கொண்டுவர வேண்டாம், மண் கொண்டுவருவதற்குத் தடை இருக்கிறது. மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் மணலை இங்கிருந்து கொண்டு போகவும் வேண்டாம்.

கல்முனைப் பிள்ளை:
கங்கைத் தண்ணி?

கல்லடிப் பாலம்:
விமானத்தில கைப்பையில விடமாட்டாங்க, பெரிய பொதியில வைக்கலாம். ரெயிலில பிரச்சினை இல்ல. பிளாஸ்ரிக் போத்தலெண்டா கழுத்துக்கு ரெண்டு விரல் கீழ வரைக்கும் நிரப்பி, மூடியச் சுத்தி ரேப் ஒட்டி, ரெண்டு பொலித்தீன் பையில கட்டி, சாரத்துக்குள்ள சுத்தி நடுவில நிமித்தி வைங்க.

தாண்டவன்வெளி:
கொண்டுவருவது போத்தலில் இருக்கலாம். ஆனால் இராமநாதருக்கு அபிஷேகத்துக்குக் கொடுக்கும்போது செம்பு, பித்தளை, வெண்கலம் இவற்றில் ஒன்றில்தான் வாங்குவார்கள். தகரம், இரும்பு ஏற்கமாட்டார்கள்.

கல்முனைப் பிள்ளை:
செம்பு காசியிலயே வாங்கலாமா?

தாண்டவன்வெளி:
தட்டேரி பஜார் என்று பாத்திரக்காரர் தெரு இருக்கிறது, அங்கே வாங்குங்கள். கங்கை நீர் நிரப்பி மூடிக்கு ஈயம் வைத்து அடைத்த சின்னச் செம்புகள் கோயிலடிக் கடைகளில் கிடைக்கும். அவை வீட்டுக்குக் கொண்டுவர நல்லது. அபிஷேகத்துக்கு ஒரு லீற்றர் வெறும் செம்பு வாங்கி நீங்களே நிரப்புங்கள். வாங்கியவுடன் அறைக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீர் நிரப்பி, பத்திரிகைத் தாளின்மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அடிப்பொருத்தில் ஒழுக்கு இருந்தால் விடியத் தாளில் வட்டம் தெரியும்; அடுத்த நாளே கடையில் மாற்றலாம்.